சூட்டிக்கு டொக்டர் பார்த்தது

என் மாமாவுக்குத் தெரியாத வைத்தியம் கிடையாது. அம்மாவின் தம்பியான அவர் சிலாபத்தில் பெரிய மீன்பிடிப் படகுகளின் டீசல் எஞ்சின் திருத்துகிறவர். எஞ்சினுக்கு நல்லதென்று கண்டதெல்லாம் உயிருள்ளவற்றுக்கும் நல்லது என்பது அவருடைய கொள்கை. ஒருமுறை என் பல்வலிக்குக் கூட ஏதோ ஒரு போத்தலைத் தூக்கிக்கொண்டு வந்து, அம்மாவிடம் அகப்பைக் காம்பால் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். அப்படிப்பட்டவர் எங்கள் நாய்க்குச் சொறி பிடித்ததைக் கேள்விப்பட்டுச் சும்மா இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

நாயின் பெயர் சூட்டி. சிங்களத்தில் சின்னது என்று அர்த்தம். குட்டியாக வந்தபோது வைத்த பெயர். பிறகு அது கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்தும் பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. வீட்டில் நான் ஒரே பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் கதைப்பதைக் கடைசிவரை கேட்கிற ஒரே ஆள் சூட்டிதான்.

உடப்புக்கும் சிலாபத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் கரை. அது ஓகஸ்ட் மாதம். கடல் கலங்கிக் கிடந்தது. வள்ளங்களை எல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அந்த நாட்களில் பாதிச் சனம் தலவில அன்னம்மாள் கோயில் திருநாளுக்குப் போய்விடும். மீதிச் சனம் கடைக்குக் கடன் சொல்லிக்கொண்டு, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு, காற்று விழக் காத்திருக்கும். சூட்டியின் முதுகில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, ஒரு கெட்ட வாடை வீசத் தொடங்கியது அப்போதுதான். சொறி மாறும்வரை நாய் வாசல் தாண்டக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டார்.

மாமா ஒரு போத்தலில் பழைய ஒயில் கொண்டுவந்தார். எஞ்சினிலிருந்து வடித்த ஒயில், தார் மாதிரிக் கறுத்துப் போனது. எங்கள் கரையில் இதொன்றும் புதுமையில்லை. மர வள்ளத்தின் அடிப்பலகைக்கு அதைப் பூசினால் பூச்சி அரிக்காது. அதையே சொறிநாய்க்கும் பூசுவார்கள். பூசிப் பிழைத்த நாய்களைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், செத்த நாய்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை.

“பலகைக்குள்ள பூச்சி சாகுது. தோலுக்குள்ள பூச்சி சாகாதா?” என்று மாமா கேட்டார். எனக்கு அது சரியான கேள்வியாகத்தான் பட்டது. சூட்டியின் தலையை என் மடியில் வைத்து இரண்டு காதையும் நானே பிடித்துக்கொண்டேன். நான் பிடித்ததால் அது திமிறவில்லை. மாமா கழுத்திலிருந்து வால்வரை ஒரு இடம் விடாமல் பூசினார்.

அன்று முழுக்க சூட்டி உடம்பை நக்கியபடியே இருந்தது. மறுநாள் வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் காலை கவிழ்த்த வள்ளத்துக்குக் கீழே படுத்தது எழும்பவில்லை. சாளை மீன் தலையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனேன். அது வாயைத் திறக்கவே இல்லை. அழுதுகொண்டு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

அம்மா அன்னம்மாளுக்கு மெழுகுதிரி நேர்ந்தார். மாமா, இளநீர் கொடுத்தால் இறங்கிவிடும் என்றார். அப்பா போனை எடுத்துக்கொண்டு வேலி ஓரமாகப் போய் நின்றார்.

வள்ளத்து எஞ்சினுக்கு ஆள் தேடும்போது அப்பா கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். சத்தத்தைக் கேட்டுவிட்டுக் கழற்றுகிறவனா, கேட்காமலே கழற்றுகிறவனா? கழற்றிய பழைய சாமானைக் கையில் தருவானா? எவ்வளவு முடியும் என்று முதலே சொல்வானா, கடைசியில் சொல்வானா? தன் எஞ்சினை மாமாவிடம் கொடுக்காததற்கும் இவைதான் காரணம் என்று அம்மா இல்லாத நேரங்களில் சொல்லுவார். அன்றைக்கு வேலி ஓரத்தில் நின்று மாடு வைத்திருப்பவரிடமும், ஆடு வைத்திருப்பவரிடமும், நாய் செத்துப்போன ஒருவரிடமும் மிருக டொக்டர்களைப் பற்றி அதே கேள்விகளைத்தான் கேட்டார். சூட்டி சாகக் கிடக்கிறது, இவர் விலை விசாரிக்கிறார் என்று எனக்கு வயிறு எரிந்தது.

“சிலாபத்தில ஏசி போட்ட கிளினிக் ஒண்டு இருக்கு அத்தான். கிட்டவும் அதுதான்,” என்றார் மாமா. செய்த பிழைக்குப் பரிகாரமாக ஓட்டோவையும் அவரே பிடித்து வந்தார். சூட்டியை ஒரு அரிசிச் சாக்கில் கிடத்தி, மூன்று பேருமாக ஏறினோம்.

கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். வெள்ளை நாய் ஒன்றை மடியில் வைத்திருந்த ஒரு அம்மணி, எங்கள் சாக்கிலிருந்து வந்த ஒயில் வாடைக்குத் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டார். எனக்கு வெட்கமாக இருந்தாலும் உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. இப்படிப் பளபளக்கிற இடத்தில் எந்த நாயும் சாகாது என்று நினைத்தேன்.

டொக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தபடியே சூட்டியைப் பார்த்தார். பிறகு ஒரு நீளமான கடதாசியில் எழுதினார். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே படம், இரண்டு நாள் நிறுத்தி வைப்பது, இன்னும் என்னென்னவோ. அப்பா நல்ல சிங்களத்தில், மிக மரியாதையாக, எல்லாமாக எவ்வளவு முடியும் என்று கேட்டார். அதை முதலே சொல்ல முடியாது, இப்போதைக்கு முற்பணம் கட்டுங்கள் என்றார் டொக்டர். இதில் இன்றைக்கே செய்ய வேண்டியது எது, பொறுக்கக்கூடியது எது என்று அப்பா கேட்டார். டொக்டர் பேனையை மூடினார். காசைப் பார்க்கிற ஆட்கள் நாய் வளர்க்கப் போகக் கூடாது என்றார்.

எனக்கு முகம் சுட்டது. அந்த அம்மணியும் கேட்டுக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. அவர் எனக்காகத்தான் கதைத்தார் என்றே பட்டது. அப்பா குனிந்து, சாக்கோடு சூட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“அந்தாள் நாயைத் தொடவே இல்லை,” என்றார் மாமாவிடம், ஓட்டோவில் ஏறும்போது.

நான் அழுதேன். அழுகைக்கு நடுவில் கேட்டேன்: “எனக்கு வருத்தம் வந்து படுத்தாலும் இப்பிடித்தான் விலை கேப்பீங்களா?”

மாமா என்னைப் பார்த்து முறைத்தார். அப்பா முறைக்கவில்லை.

“ஓம் மகள். கேப்பன்,” என்றார்.

இல்லை என்று சொல்லுவார் என்றுதான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு நான் அவர் பக்கமே திரும்பவில்லை.

ஓட்டோ வீட்டுப் பக்கம் போகாமல் உடப்புப் பக்கமாக ஓடி, ஒரு வீட்டுக்கு முன்னால் நின்றது. மாடு வைத்திருப்பவர் போனில் சொன்ன டொக்டரின் வீடு அது. அரசாங்கத்து மிருக வைத்தியர். கந்தோர் வேலை முடிந்த பிறகு வீட்டு முற்றத்தில் வைத்துப் பார்ப்பாராம். கண்ணாடிக் கதவும் இல்லை, ஏசியும் இல்லை. ஒரு முருங்கை மரம், இரண்டு ஆடு, கூடைக்குள் ஒரு கோழி. மலிவான இடமாகப் பார்த்துச் சூட்டியைச் சாகக் கொண்டுவந்திருக்கிறார் அப்பா என்று முடிவே கட்டிவிட்டேன்.

டொக்டர் ஒரு பெண். எங்களைக் கண்டதும் ஆட்டுக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு வந்து மண்ணிலேயே குந்தினார். சூட்டியின் உதட்டை விரித்துப் பல் முரசைப் பார்த்தார். வயிற்றை அமத்திப் பார்த்தார். பிறகு தன் விரல்களை மணந்துவிட்டு நிமிர்ந்தார்.

“ஆரு ஒயில் பூசினது?” என்று எங்கள் தமிழிலேயே கேட்டார்.

மாமா ஓட்டோவின் சில்லில் காற்று இருக்கிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார். “வீட்டிலதான் டொக்டர், தெரியாமல் செய்திட்டம்,” என்றார் அப்பா. எனக்கு அந்த மூடிமறைப்புப் பிடிக்கவில்லை.

“மாமாதான் பூசினவர். நான் பிடிச்சனான்,” என்றேன்.

“அது நல்ல ஒயில் டொக்டர்,” என்றார் மாமா. “பெரிய எஞ்சின்ல எடுத்தது.”

டொக்டர் அவரைத் திட்டவில்லை. பாத்திரம் கழுவுகிற சவுக்காரமும் ஒரு வாளியும் கொடுத்து, ஒயில் போகும்வரை நாயைக் கழுவுங்கள் என்றார். மாமா நான்கு தரம் கழுவினார். சாரமும் சேர்ட்டும் கறுத்துப்போயின. நாய் நக்கி நக்கி ஒயில் முழுக்க வயிற்றுக்குள் போயிருக்கிறது, இனி ஒரு சொட்டும் போகக் கூடாது என்றார் டொக்டர். பிறகு முருங்கைக் கொப்பில் சேலைன் போத்தலைத் தொங்கவிட்டு, சூட்டியின் முன்னங்காலில் ஊசியை ஏற்றினார்.

அப்போது அப்பா மறுபடியும் தொடங்கினார். எவ்வளவு முடியும்? இதில் இன்றைக்கே வேண்டியது எது? இந்த மருந்தைச் சாதாரண மருந்துக்கடையில் வாங்கலாமா? சொறிக்கு ஊசி இப்போதே போட வேண்டுமா? விசர்நாய் ஊசி ஊருக்கு வந்து இலவசமாகப் போடுகிறார்களே, அது காணுமா? நான் காதைப் பொத்திக்கொண்டேன். இங்கேயும் எங்களை வெளியே போகச் சொல்லப் போகிறார்கள் என்று பயந்தேன்.

டொக்டர் ஒரு கடதாசித் துண்டில் எழுதி எழுதிப் பதில் சொன்னார். சேலைனும் வயிற்றுக்கான ஊசியும் இன்றைக்கே வேண்டும், ஐந்து நாளைக்குத் தொடர வேண்டும். நாளைக்குச் சாப்பிட்டால் இரத்தம் பார்க்கத் தேவையில்லை. சொறி ஊசி உடம்பு தேறிய பிறகு, கிழமைக்கு ஒன்றாக. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் விலையை எழுதினார். சொறிக்கென்று இரண்டு பூசுமருந்து எழுதியவர், ஒன்றைத் தானே வெட்டிவிட்டார். அப்பா கடதாசியை வாங்கி இரண்டு தரம் வாசித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

“செய்யுங்க டொக்டர்,” என்றார்.

மறுநாள் மாலை சூட்டி கொஞ்சம் கஞ்சி குடித்தது. அதற்கடுத்த நாள் வாலை ஆட்டியது. ஐந்து நாளும் நானும் மாமாவும் ஓட்டோவில் கொண்டுபோய் வந்தோம். மாமாவின் வைத்தியக் கொள்கை கொஞ்ச நாளைக்கு அடங்கிக் கிடந்தது. நாயைக் கவனிக்கும் பொறுப்பை டொக்டர் என்னிடம் தந்தார். தோல் ஆறும்வரை ஊத்தை படவிடக் கூடாது, குறிப்பாகச் சேறு கூடாது என்றார். அந்த உத்தரவை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.

அப்பாவோடு மட்டும் நான் கதைக்கவில்லை. அதற்கு வாய்ப்பும் குறைவாகத்தான் இருந்தது. விடியுமுன் அவர் வெளிக்கிட்டுப் போய்விடுவார், பொழுது சாயத்தான் வருவார். வள்ளம் கரையில் கவிழ்ந்துதான் கிடந்தது. எங்கே போகிறார் என்று நான் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டுத்தான் எங்கேயோ போய் ஒளிகிறார் என்று எண்ணி, உள்ளுக்குள் மகிழ்ந்தேன்.

பல வருடம் கழித்து அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த மாதத்தில் உப்புநீர்க் களப்புப் பக்கத்து இறால் பண்ணைகளில் குளங்களை வற்றவைத்துச் சேறு அள்ளுவார்கள். அப்பா நாட்கூலிக்குச் சேறு அள்ளப் போயிருக்கிறார். சொந்த வள்ளம் வைத்திருப்பவர், நான்கு பேருக்குக் கடலில் வேலை கொடுத்தவர், தன்னிடம் வேலை செய்தவர்களோடு ஒன்றாக இடுப்பளவு சேற்றில் நின்றிருக்கிறார். கொடுக்கிற எண்ணம் இல்லாதவர் விலை கேட்டுக்கொண்டு நிற்க மாட்டார் என்பதும், எத்தனை நாள் சேற்றில் நிற்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார் என்பதும் எனக்கு அப்போதுதான் விளங்கியது. “ஓம், கேப்பன்” என்று அவர் சொன்னதை நினைத்து, அன்றைக்கு அம்மாவுக்கு முன்னால் அழுதேன்.

ஆனால் அந்த ஓகஸ்டில் எனக்கு எதுவும் தெரியாது. ஒரு பின்னேரம் நான் வாசலில் இருந்து சூட்டியின் தோலுக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன். அப்பா வந்து மற்றப் பக்கத்துப் படியில் பொத்தென்று இருந்தார். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. சூட்டி என் கையிலிருந்து நழுவிப் போய் அவருடைய பாதங்களின் மேல் அப்படியே படுத்துக்கொண்டது. அப்பா அதன் தலையைத் தடவக் கையைக் கொண்டுபோனார்.

ஒரு வாரமாகக் கதைக்காமல் இருந்த நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன்.

“அப்பா, சேறு படக்கூடாது எண்டு டொக்டர் சொன்னவ. காலை எடுங்க.”

அப்பா கையை இழுத்துக்கொண்டார். “ஓம், சரிதான் மகள்,” என்று பாதங்களை மெதுவாக உருவி எடுத்து, எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். நான் சூட்டியை என் பக்கம் இழுத்து, ஒரு துணியால் துடைத்தேன். டொக்டர் சொன்னதை இந்த வீட்டில் ஒழுங்காகச் செய்கிற ஆள் நான் ஒருத்திதான் என்று அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.