மக்டலீன் கேட்ட ஒற்றை வளைவு

பல் வைத்தியரின் காத்திருப்பு அறையில் மூன்று பக்கப் படிவம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பேனையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தாள் சந்திரகாந்தி. ஜெர்மனிக்கு வந்து இருபத்தெட்டு வருஷம். ஆனால் பல்லுக் குத்தத் தொடங்கினால் ஜெர்மன் பாஷைதான் முதலில் எழும்பி வெளியே போகும். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை எட்டிப் பார்க்கவில்லை. சந்திரகாந்தியின் பொட்டை மட்டும் பார்த்தாள் போல. தன் படிவத்தைத் தூக்கிக் காட்டி மெல்லச் சொன்னாள்.

"அக்கா, எனக்கு இந்த ரெண்டாம் பக்கம் ஒண்டும் விளங்கேல்லை. சேர்ந்து பாப்பமே?"

சேர்ந்து பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்துத் தமிழ்க் கடையில் அந்தப் பிள்ளையின் தாயைச் சந்தித்தபோதுதான், பிள்ளை ஸ்டுட்கார்ட்டிலேயே பிறந்தவள், படிப்பில் முதலாம் ஆள், அப்படியான படிவங்களைக் கண்ணை மூடிக்கொண்டு நிரப்பக்கூடியவள் என்று சந்திரகாந்திக்குத் தெரிந்தது.

பெயர் மக்டலீன். வயது இருபத்துமூன்று. ஏதோ ஒரு சிறிய சபையில் இரண்டு வருஷம் ஊழியம் செய்ய எழுதிக்கொடுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் ஸ்பானிஷ் படித்தவள் என்றபடியால் ஸ்பானிஷ் பேசுகிற சனத்துக்கு ஊழியம் செய்யச் சொன்னார்கள். பொலிவியா, பெரு என்று மலைகளைக் கனவு கண்டு பெட்டி அடுக்கினாளாம். கர்த்தர் அவளை அனுப்பின இடம், தாய் வீட்டிலிருந்து ரயிலில் நாலாவது தரிப்பு.

தொழிற்சாலைகளுக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் நிலவறையில் அந்தச் சபை கூடியது. ஈக்குவடோர்க்காரர், கொலம்பியாக்காரர். கிழமை முழுக்க ஆஸ்பத்திரியும் கந்தோரும் கூட்டித் துடைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக் கூட்டத்துக்கு நாலரைக்கு வந்து, சுவர் அதிரப் பாடுவார்கள். மக்டலீனின் நிறத்தைப் பார்த்து எல்லோரும் தங்கள் ஊர்ப் பிள்ளை என்றே நினைத்தார்கள். அவள் ஊழியத்தில் பாதி கதிரை அடுக்குவது. மற்றப் பாதி வீடு வீடாகப் போய்ச் சாப்பிடுவது. மூன்று வீட்டில் மதியச் சாப்பாடு தந்தால் மூன்றையும் சாப்பிட வேண்டும். மாட்டேன் என்றால் வேதத்தையே மறுதலித்தது போலப் பார்ப்பார்களாம்.

சந்திரகாந்தி கலியாண மண்டபங்களுக்கு மணவறை சோடிக்கிறவள். ஒவ்வொரு வெள்ளியும் கோயிலுக்குப் போகாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள். என்றாலும் இந்தப் பிள்ளையோடு ஒட்டிவிட்டது. ஒரு நாள் மக்டலீன் அவளுடைய சாமான் கொட்டிலுக்கே வந்துவிட்டாள்.

"அக்கா, ஒரு உதவி. ஒரே ஒரு வளைவு தருவியளே? பூ வைச்சது. சனிக்கிழமை பின்னேரத்துக்கு."

"என்ன விசேஷம்?"

"எங்கட சபையில யாதிரா எண்டு ஒரு பிள்ளை. பதினைஞ்சு வயசு முடியுது. அவையளின்ர முறையில பெரிய கொண்டாட்டம். வெள்ளை உடுப்புப் போட்டு, தோழியளோட ஊர்வலமா வந்து, கேக் வெட்டி..."

"பெரியபிள்ளையான சடங்கு, சாமத்தியவீடு எண்டு நேர சொல்லுமன்."

"இல்லை அக்கா, அது வேற—"

"வெக்கப்படாதையும் பிள்ளை. எந்த நாட்டிலயும் பெட்டையள் பெட்டையள்தானே. தாய் என்ன செய்யிறா?"

"தகப்பன் விட்டிட்டுப் போட்டார். தாய் ரெண்டு இடத்தில கிளீனிங்."

அவ்வளவுதான் சந்திரகாந்தியின் காதில் விழுந்தது. ஒற்றை வளைவு என்றது விழவேயில்லை.

சனிக்கிழமை மதியம் வான் வண்டியோடு வந்து இறங்கினாள். நாலு பொன் தூண், இரண்டு மயில், நிறைகுடம், ஆரத்தி சுற்ற ஏழு ஆலாத்தித் தட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, முத்துச் சிப்பி மாதிரி விரிந்த அன்ன ஆசனம். இரண்டு மணித்தியாலத்தில் அந்த நிலவறை நல்லூர்த் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. யாதிரா வந்து பார்த்துவிட்டு வாயில் கையை வைத்தாள். ஆசனத்தைத் தடவினாள். பிறகு சந்திரகாந்தியைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினாள்.

அப்போதுதான் பாஸ்டர் எஃப்ரயின் வந்தார். ஈக்குவடோர்க்காரர், மெலிந்த மனுஷன். தன் சபையில் உருவம் எதுவும் கூடாது என்று, கிறிஸ்மஸுக்கு வைக்கும் நத்தார்க் குடிலைக்கூட வாசலுக்கு வெளியே வைக்கிறவர். அவர் கண் மயில்களைத் தாண்டி, தூண்களைத் தாண்டி, ஆசனத்தின் கீழ்ப் படியில் வந்து நின்றது. அங்கே ஒரு முழ உயரத்தில், தும்பிக்கையும் தொந்தியுமாகப் பிள்ளையார்.

"இது வெளியே போகவேண்டும். இல்லாவிட்டால் நான் ஜெபத்தைத் தொடங்கமாட்டேன்" என்றார் ஜெர்மனில்.

"கழட்ட ஏலாது. ஆசனத்தோட சேர்த்து வார்த்தது" என்றாள் சந்திரகாந்தி. முகம் கறுத்துவிட்டது.

"அப்படியானால் ஆசனமும் போகட்டும். பிளாஸ்டிக் கதிரை இருக்கிறது."

யாதிராவுக்கு இது விளங்கினதும், அவள் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டாள். பிளாஸ்டிக் கதிரையில் இருப்பதானால் தனக்குப் பதினைந்து வயதே வேண்டாமாம். தாய் கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினாள். ஒரு வருஷமாக அந்த உடுப்புக்கு உழைத்தவள். விருந்தினர் நாலு மணிக்கு என்று சொல்லியிருந்தது. நல்ல காலம், ஐந்தரைக்குத்தான் வருவார்கள்.

"ஒரு துணியால மூடுவமே அக்கா?"

"உமக்கென்ன விசரே? விசேஷத்தில பிள்ளையாரை மூடுறதோ? அதைவிட என்னை மூடும்."

மக்டலீன் கொஞ்ச நேரம் ஆசனத்தைப் பார்த்தாள். பிறகு கழிப்பறைப் பக்கம் பார்த்தாள்.

"அக்கா, ஆரும் அவருக்கு முன்னால நிண்டால் குற்றமே?"

"முன்னால நிக்கிறது குற்றமில்லை. தேர்த் திருவிழாவில ஆயிரம் சனம் மறைச்சுத்தானே நிக்குது."

"யாதிராவின்ர பாவாடை ஒண்டரை மீற்றர் அகலம்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாதிராவைக் கெஞ்சிக் கூட்டிவந்து ஆசனத்தில் இருத்தினார்கள். வளையம் வைத்த வெள்ளைப் பாவாடை விரிந்து படியெல்லாம் மூடியது. பாஸ்டர் பழைய கார் வாங்க வந்தவர் மாதிரி இடமிருந்து, வலமிருந்து, குனிந்தும் பார்த்தார்.

"பிரச்சினை வந்தால் நான்தான் பதில் சொல்லுவன் பாஸ்டர். நான்தான் கேட்டு வாங்கினது" என்றாள் மக்டலீன்.

"நான் காணாத பொருளைப் பற்றி எனக்குக் கதை இல்லை" என்றார் அவர்.

எல்லாம் சிறப்பாக நடந்தது, சப்பாத்து மாற்றும் வரை. அவர்களின் முறையில், பிள்ளையின் தட்டைச் சப்பாத்தைக் கழற்றிக் குதிச் சப்பாத்தைப் போட்டுவிட வேண்டியது தகப்பன். இங்கே தகப்பன் இல்லாதபடியால் பாஸ்டர் தானே செய்வதாக எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். அதை ஒருவரும் யோசிக்கவில்லை. அவர் பயபக்தியோடு முழங்காலிட்டு, பாவாடை விளிம்பை மெல்லத் தூக்கினார்.

மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் பிள்ளையார்.

சந்திரகாந்தி கையில் ஆலாத்தித் தட்டத்தோடு கண்ணை இறுக மூடிக்கொண்டாள். 'பிள்ளையாரப்பா, கர்த்தரே, ரெண்டு பேரும் பொறுத்துக்கொள்ளுங்கோ.' யாதிரா காலைப் பின்னுக்கு இழுத்தாள். பாஸ்டர் எழும்பவில்லை. பிள்ளையின் முகத்தை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்தார். பிறகு சப்பாத்தைப் போட்டுவிட்டார். பட்டியின் கொளுவி வேறு இறுகிக்கொண்டது. நாற்பது தொலைபேசிகள் படம் பிடிக்க, அவர் பிள்ளையாரின் முன்னால் முழங்காலில் முழுசாக மூன்று நிமிஷம் இருந்தார்.

'எங்கள் பாஸ்டரின் தாழ்மையைப் பாருங்கள்' என்று எழுதி, ஒரு மாமி அந்தப் படத்தை உலகத்துக்கெல்லாம் அனுப்பினாள். பக்கவாட்டில் எடுத்த படம், பிள்ளையாரும் தெளிவாகத் தெரிந்தார். திங்கட்கிழமைக்குள் அது தலைமைச் சபையின் மூப்பர்களிடம் போய்விட்டது.

"தகப்பனில்லாத பிள்ளையின் முன்னால்தான் முழங்காலிட்டேன்" என்றார் பாஸ்டர். மக்டலீன் தான் சொன்னபடி பதில் சொன்னாள். மூப்பர்கள் ஜெபித்து யோசித்து, அவளை மிச்ச வருஷத்துக்கு டிரெஸ்டனில் இருக்கும் ஸ்பானியச் சபைக்கு மாற்றிவிட்டார்கள்.

ஸ்டேஷனுக்குச் சந்திரகாந்தி ஒரு பெட்டி ரோல்ஸ் பொரித்துக்கொண்டு போனாள். மக்டலீன் அழவில்லை. சந்திரகாந்திதான் மூக்கைச் சிந்தினாள்.

"ஒரு வளைவு கேட்ட பிள்ளைக்கு நான் ஒரு கோயிலையே கொண்டுவந்து... என்னாலதானே பிள்ளை, உம்மை அனுப்புறாங்கள்."

"சும்மா இருங்கோ அக்கா. யாதிரா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி வைச்சிருக்கிறாள். டிரெஸ்டனிலயும் ஒரு பிள்ளைக்கு ஐப்பசியில பதினைஞ்சு வருதாம். வருவியள்தானே?"

"ஐநூறு கிலோமீற்றர்! என்ர வான் தாங்காது. வழியும் தெரியாது."

ரயில் கதவு மூடப்போகிறது என்று மணி அடித்தது. மக்டலீன் படியில் நின்று தலையை வெளியே நீட்டினாள்.

"பிள்ளையாரை முன் சீட்டில இருத்திக்கொண்டு வாங்கோ அக்கா, அவர் வழி சொல்லுவார். பெல்ட்டை மட்டும் மறக்காமப் போட்டுவிடுங்கோ!"