செல்லம்மாவின் உப்புத் தண்ணீர்

புதுப்பட்டினம் மீன் மார்க்கெட்டில் செல்லம்மாவின் குரல் பஸ் நிறுத்தம்வரை கேட்கும். டவுன்ஷிப் அம்மாக்கள் வஞ்சிரத்தை அழுத்திப் பார்த்தால், "கன்னத்த கிள்ளாதம்மா, அழுதுடப் போவுது" என்பாள். அந்த வாயில்தான், புகையிலை அடக்கும் கன்னத்துக்குள், 1998இல் புற்றுநோய் வந்தது.

சென்னை ஆஸ்பத்திரியில், ஆடிய பற்களைப் பிடுங்கி, காயம் ஆறிய பிறகு கதிர் சிகிச்சை ஆரம்பித்தார்கள். ஊரில் அதற்குக் கரண்ட் வைப்பது என்று பெயர். நடுவில் நிறுத்தினால் கட்டி மறுபடி வளரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். முடியும்வரை வாய் தாங்க வேண்டும்.

நோயாளிகளை வீட்டுக்கே போய்க் கவனிக்கப் பயிற்சி பெற்றவள் நான். ஒருநாள் போய் அவள் வாய்க்குள் டார்ச் அடித்தேன். கரண்டால் புண் வரும்தான். இது அதற்கும் மேல். தோல் உரிந்து ரத்தம் கசிந்தது.

"கொப்பளிக்கிறியா?"

அவள் கணவன் வரதன் முந்திக்கொண்டான். "அதெல்லாம் கரெக்டா கீது நர்சக்கா. ஆஸ்பத்திரில உப்புத் தண்ணின்னாங்க. கரையில மொண்டா அழுக்கு. வலைக்குப் போறப்ப நடுக்கடல்ல மொண்டாந்து தரேன்."

கட்டிலடியில் வெள்ளை கேன். விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். கடலேதான்.

கை கால் கிழிந்தால் மீனவர்கள் கடலில்தான் அலசுவார்கள். எரிந்தால் ஆறுகிறது என்று கணக்கு.

"எரியலையாடி உனக்கு?"

"எரிஞ்சா இன்னாக்கா?" என்றாள் குழறலாக. "கடலையே சொமந்துகினு வருது அந்தாளு. வேணான்னு எப்டி சொல்றது?"

கேனை வாசலில் கவிழ்த்தேன். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு தம்ளர், அதில் சிட்டிகை உப்பு, சிட்டிகை ஆப்ப சோடா. சாப்பிட்டதும் கொப்பளிக்க வேண்டும். குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷ். காரம் கூடாது. வரதன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான்.

புண் அடங்கும்வரை கரண்டை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் கட்டி திரும்பியது. நிறுத்தாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று வரதன் கேட்டான். யாராலும் சொல்ல முடியாது என்றேன். அதுதான் உண்மை.

கடைசியில் அவளால் கொப்பளிக்க முடியவில்லை. வரதன் வலைக்குப் போவதை விட்டான். துவைத்த பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி, உப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அவள் ஈறுகளைத் துடைப்பான். ஒவ்வொரு முறையும் முதலில் ஒரு சொட்டைத் தன் நாக்கில் விட்டுப் பார்ப்பான்.

"எரியுதா?"

இல்லையென்று கையை ஆட்டுவாள்.

"நெஜமாவா புள்ள? எரிஞ்சா சொல்லிடு."

அவள் இறந்த அன்று காலையிலும் கேட்டான். கை அசையவில்லை. துணியை எடுத்துவிட்டு, தம்ளரில் இருந்ததை அவன் மறுபடி நாக்கில் வைத்துப் பார்த்தான்.