ட்ருகனினாவில் புல் எரிந்த மதியம்

ட்ருகனினாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளியில் தீப்பிடித்த மதியம் அம்மா வீட்டில் தனியாக இருந்தார். நான் மெல்பேர்னின் மறு அந்தத்தில், கிளென் வேவர்லியில் வேலையில் நின்றேன். வெளியேறச் சொல்லிக் கைத்தொலைபேசியில் எச்சரிக்கை வந்ததும் பக்கத்து வீட்டு அங்கிளை அழைத்தேன். அவர் டெல்லியிலிருந்து வந்த சீக்கியர். ஐந்தே நிமிடத்தில் திரும்ப எடுத்தார். எவ்வளவு தட்டியும் அம்மா கதவைத் திறக்கவில்லை என்றார்.

அம்மாவுக்கு எடுத்தேன். "அவர் வாசலில நிக்கிறார் பிள்ளை. நான் திறக்கமாட்டன்," என்றார்.

காரணம் எனக்குத் தெரியும். அங்கிளின் மனைவி கொண்டுவரும் சாப்பாட்டை அம்மா வாங்குவார். அங்கிளைக் கண்டால் யன்னல் சீலையை இழுத்துவிடுவார். கூச்ச சுபாவம் என்று இரண்டு வருடமாகச் சமாளித்திருந்தேன். அன்று சமாளிக்க நேரமில்லை. இந்திய இராணுவம் யாழ்ப்பாணத்தில் இருந்த காலத்தில், தலைப்பாகை கட்டிய சிப்பாய்கள் அப்பாவை விசாரணைக்குக் கூட்டிப்போனதையும், அவர் திரும்பி வரும்வரை அம்மா வாசலை விட்டு எழும்பாததையும் அங்கிளிடம் அவசரமாகச் சொன்னேன்.

"சரி பேட்டா, நான் விலகிப் போறேன். என் மனைவி வருவாள்," என்றார்.

கதவு திறந்தது. அங்கிளின் மருமகள் அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு, சீக்கியர்களின் கோயிலான குருத்வாராவுக்கு ஓட்டினாள். காரில் இடமிருந்தும் அங்கிள் ஏறவில்லை. புகைக்குள் அவர் தெருவோரமாக நடந்து போவதை அம்மா கார்க் கண்ணாடி வழியே பார்த்திருக்கிறார்.

வீதிகளை மூடியிருந்ததால் நான் குருத்வாராவுக்குப் போய்ச்சேர வெகு நேரமாகிவிட்டது. அம்மா சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு, தரையில் அமர்ந்து ரொட்டியும் பருப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அங்கிளை வழியில் யாரோ ஏற்றி வந்திருந்தார்கள். அவர் மண்டபத்தின் அடுத்த மூலையில் இருந்தார்.

"வயசான மனுசனை நடக்க விட்டிட்டன். வரச்சொல்லு," என்றார் அம்மா.

அங்கிள் வந்து கொஞ்சம் தள்ளியே அமர்ந்தார். அம்மா மன்னிப்புக் கேட்டதை நான் மொழிபெயர்க்கத் தொடங்க, கையால் மறித்தார். டெல்லியில் சீக்கியர்களைத் தேடித் தேடிக் கொன்ற நாட்களில், எதிர்வீட்டு இந்துப் பெண் தன்னைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்தார் என்றார். "இன்றைக்கும் யாராவது பலமாகத் தட்டினால் நானும் உடனே திறக்கமாட்டேன். உங்கள் கதவை அப்படித் தட்டியிருக்கக் கூடாது."

நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்வரை அம்மா சாப்பிடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த மனுசி இப்ப இருக்கிறாவோ எண்டு கேள்," என்றார்.

இருக்கிறார், ஞாயிறுதோறும் பேசுவேன் என்றார் அங்கிள்.

எங்கள் தெருவுக்குத் தீ வரவில்லை. அங்கிள் போன குளிர்காலத்தில் காலமானார். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அவர் மனைவிதான் டெல்லிக்கு எடுக்கிறார். ஹிந்தியில் ஒரு சொல்லும் தெரியாத அம்மா, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் தெரியும் அந்த அம்மாளுக்குக் கை காட்டுகிறார்.