இல்லாத கடையின் ரைஹால்

எங்கள் வீட்டின் பின்விறாந்தையில் வாள் சத்தம் கேட்கத் தொடங்கினால், முன்னறையில் வாப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார். செய்தி வாசிப்பவர் தெருமுனை வரைக்கும் கத்துவார். அப்படியும் வாள் சத்தம் அடங்காது. யாராவது விசாரித்தால், "ஓடாவி வந்து வேல செய்றார்" என்று வாப்பா சொல்லிவிடுவார். தச்சு வேலை செய்பவரை எங்கள் பக்கத்தில் ஓடாவி என்போம். மாதக்கணக்காக ஒரே வீட்டில் வேலை செய்யும் அந்த ஓடாவி யாரென்று எங்கள் ஊரான சாய்ந்தமருதில் ஒருவரும் திருப்பிக் கேட்டதில்லை. அது மரியாதையா, எல்லாம் தெரிந்த சிரிப்பா என்று எனக்கு இன்றும் நிச்சயமில்லை.

வாளை இழுத்தது உம்மா.

உம்மாவின் வாப்பாவுக்கு ஒரு காலத்தில் தச்சுப் பட்டறை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டால் உம்மா நேரே அங்கேதான் போவாராம். பலகையைப் பிடித்துக்கொள்வதில் தொடங்கி, சீவுளி தள்ளிப் பலகையை இழைக்கும் அளவுக்கு வந்திருக்கிறார். பெரியபிள்ளை ஆனதும் அது நின்றுபோனது. பிறகு கல்யாணம், பிள்ளைகள், அடுப்படி. எனக்குப் பத்து வயதானபோது தங்கையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். காலையில் வீடு வெறிச்சோடியது. உம்மா கல்முனைக்குப் போய் ஒரு வாளும் சீவுளியும் உளிகளும் வாங்கி வந்தார். கைப்பேசியில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் பலகை அறுப்பதைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். "இவன் வாளப் புடிக்கிற புடியே பிழை" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடங்குவார்.

அந்த வெள்ளைக்காரரை விட உம்மா பெரிய கெட்டிக்காரர் என்று சொல்ல முடியாது. அவர் செய்த முதல் முக்காலியில் வாப்பா தேநீர்க் கோப்பையோடு உட்கார்ந்து, கோப்பையோடு சரிந்தார். செருப்புத் தட்டு சுவரில் சாய்ந்தபடிதான் நிற்கச் சம்மதித்தது. ஒவ்வொன்றும் கெட்டுப்போகும்போது உம்மா அதைக் கழற்றிப் பார்த்து, எங்கே பிழை வந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அடுத்தது கொஞ்சம் திருந்தி வரும்.

வாப்பாவுக்கு இதை நிறுத்தச் சொல்ல வாயிருந்தது, வழியில்லை. எங்கள் ஊரில் பெண்ணுக்குத்தான் வீடு கொடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து சேர்கிறவர். விறாந்தை உம்மாவுடையது, விறாந்தையில் விழும் மரத்தூளும் உம்மாவுடையது. வாப்பாவின் கையில் மிஞ்சியிருந்தது தொலைக்காட்சியின் சத்தம் மட்டும்தான். அவருக்குக் கல்முனை பஸாரில் ஆண்கள் உடுக்கும் சாரன் விற்கிற ஒரு கடை இருந்தது. பொஞ்சாதியை ஓடாவி வேலைக்கு விட்டவன் என்று கடைத்தெருவில் யாராவது சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அவருடைய பயம்.

நானும் வாப்பாவின் கட்சிதான். பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்கு உம்மா பெருவிரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்தார். முந்தானை ஓரத்தில் மரத்தூள். என் கூட்டாளியின் உம்மா, "விரலுக்கு என்ன?" என்று கேட்டபோது உம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, "மீன் வெட்டக்குள்ள பட்ட" என்றேன். உம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று நான் வெட்கப்பட்டது உம்மாவுக்காக. இன்று இதை எழுதும்போது வேறு வெட்கம்.

அந்த வருடம் நான் குர்ஆனை முதல் தடவை ஓதி முடிக்கும் நாள் நெருங்கியது. தமாம் என்போம். பள்ளிவாசலில் ஆட்களைக் கூட்டி இனிப்புக் கொடுத்துத் துஆக் கேட்பார்கள். அதற்காக உம்மா எனக்கொரு ரைஹால் செய்யத் தீர்மானித்தார். குர்ஆனை விரித்து வைக்கிற, மடக்கி விரிக்கும் அந்தத் தாங்கியைத்தான் சொல்கிறேன். கதவுக்குப் போடுகிற பிணைச்சலும் ஆணியும் இல்லாமல் ஒரே பலகையில் செய்ய வேண்டும் என்பது உம்மாவின் பிடிவாதம். பலகையின் நடுவில் இரு முகத்திலும் உளியால் பல்லுப் பல்லாகக் கொத்திவிட்டு, இரண்டு முனையிலிருந்தும் தடிப்பின் நடுவால் பிளந்துகொண்டு வர வேண்டும். எங்கேயாவது கை பிசகினால் முழுப் பலகையும் போச்சு.

முதலாவது நடுவில் முறிந்தது. இரண்டாவது விரிந்தது, மடங்க மாட்டேன் என்றது. அது பிறகு நெடுநாள் குழம்பு ஆக்கும் ஆணச் சட்டிக்கு அடியில் கிடந்தது. மூன்றாவது பலகையில் கடைசித் துளி மரம் அறுபட்டதும் உம்மா வாளை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து புடி மகன். மெல்ல இழு."

இழுத்தேன். தட்டையான பலகை என் கையிலேயே விரிந்து நின்றது. உம்மா சிறுபிள்ளை போலச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை கண்டதில்லை.

வாப்பாவும் வந்து பார்த்தார். மடக்கினார், விரித்தார். நல்லாயிருக்கு என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"ஆரும் கேட்டா கடையில வாங்கின எண்டு சொல்லு" என்றார் என்னிடம்.

உம்மா அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். பூசிக்கொண்டே இருந்தார்.

மத்ரஸாவில் எங்களுக்கு ஓதித் தரும் மௌலவி அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். எங்கே எடுத்தாய் என்று கேட்டார். கல்முனையில், கடையில் என்றேன். எந்தக் கடை? அது வாப்பாவுக்குத்தான் தெரியும் என்று தப்பித்துக்கொண்டேன். மௌலவி விடுகிறவர் இல்லை. ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் வாப்பாவைப் பிடித்துக்கொண்டார். மத்ரஸாவில் இருப்பதெல்லாம் உடைந்து கிடக்கிறது, இதே மாதிரி ஒரு பத்து எடுத்துத் தாருங்கள், தமாம் அன்றைக்குப் பிள்ளைகள் அதில் வைத்து ஓதட்டும் என்றார். காசு வேண்டாம், என் சதக்காவாகவே தருகிறேன் என்று வாப்பா ஒப்புக்கொண்டார். வேறென்ன சொல்வது?

வாப்பா கல்முனைக் கடைகளெல்லாம் ஏறி இறங்கினார். பஸ் பிடித்துக் காத்தான்குடிக்கும் போய், பளபளவென்று வார்னிஷ் பூசிய ஒன்றை வாங்கி வந்து காட்டினார். மௌலவி அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ரெண்டு பலகைக்குப் பிணைச்சல் அடிச்சது காக்கா. அது ஒரே பலகை. அந்தக் கடையிலயே கேளுங்க" என்று திருப்பித் தந்துவிட்டார்.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா தானாகவே பின்விறாந்தைக்கு வந்து, சீவல் குவியலுக்குள் கால் வைக்க இடம் தேடி நின்றார்.

"புள்ள, மௌலவி விடுறார் இல்ல."

"கடையில சாமான் முடிஞ்சிட்டு எண்டு சொல்லுங்களன்."

"சொன்னன். கடைக்காரன்ட நம்பரக் கேக்கிறார்."

உம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த பிறகு சீவுளியைக் கீழே வைத்தார்.

"செஞ்சி தாறன். ஆர் செஞ்ச எண்டு சொல்லுவீங்களா?"

"பாப்பம்" என்றார் வாப்பா.

வாப்பாவின் பாப்பம் எப்படிப்பட்டது என்று எங்கள் வீட்டில் பூனைக்கும் தெரியும். உம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும் அன்றே பலகைகளை அளக்கத் தொடங்கிவிட்டார். மரக்காலையிலிருந்து வாப்பாவே மோட்டார் சைக்கிளில் பலகை ஏற்றி வந்தார். நான் பலகையை மழமழப்பாக்க மண்கடதாசி தேய்த்தேன். ஒவ்வொன்றாய் விரிந்து நிற்கும்போது எனக்கும் உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் யாராவது மணியடித்தால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடுவேன்.

தமாம் அன்று அந்த ரைஹால்கள் பள்ளிவாசலில் வரிசையாக நின்றன. கடைசி சூராக்களை நான் ஓதி முடித்தேன். ஒலிபெருக்கியில் ஊரே கேட்டது. வீட்டிலிருந்து உம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தார். துஆவுக்குக் கை ஏந்துவதற்கு முன் மௌலவி ஒலிவாங்கியிலேயே, முன்வரிசையில் இருந்த வாப்பாவைப் பார்த்துக் கேட்டார்.

"காக்கா, இந்த ரைஹாலெல்லாம் செஞ்சவர்ட பேரென்ன? பேரச் சொல்லித் துஆக் கேப்பம்."

வாப்பா எழும்பினார். ஒலிவாங்கியை அவர் பக்கம் நீட்டினார்கள். தொண்டையைச் செருமினார். ஒருமுறை வாயைத் திறந்ததை நான் பார்த்தேன். பக்கத்தில் கடைத்தெரு ஆட்கள் இருந்தார்கள்.

"பேர் தெரியா மௌலவி" என்றார். "கல்முனையில ஒரு கடைக்காரர்."

அந்தக் கடைக்காரருக்கு அல்லாஹ் பரக்கத் செய்ய வேண்டும், அவருடைய கைகளுக்குச் சுகத்தைக் கொடுக்க வேண்டும், அவருடைய வியாபாரம் பெருக வேண்டும் என்று மௌலவி உருக்கமாகத் துஆக் கேட்டார். பள்ளிவாசல் முழுக்க ஆமீன் சொன்னது. மாட்டிக்கொள்ளாமல் தப்பிய சந்தோஷத்தில் நான் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னேன்.

இனிப்புப் பொட்டலத்தோடு வீட்டுக்கு ஓடினேன். உம்மா பின்விறாந்தையில் புதுச் சட்டையோடு இருந்தார். கையில் வேலை எதுவும் இல்லை.

"சத்தமா ஆமீன் சொன்னது நீதானே?"

"ஓம் உம்மா. கேட்டிச்சா?"

"கேட்டிச்சி." இனிப்புப் பொட்டலத்தை வாங்கி வைத்துவிட்டு, "பக்கத்துல இருந்த புள்ளயள் ஆருக்காவது சொன்னியா மகன், இத ஆர் செஞ்ச எண்டு?" என்றார்.

"இல்ல உம்மா. ஒருத்தருக்கும் சொல்லல்ல" என்றேன். ரகசியம் காத்தவனுக்குரிய மிடுக்கோடுதான் சொன்னேன்.

உம்மா என் தலையைத் தடவினார்.

"நல்ல புள்ள."

பாராட்டு வாங்கிய சந்தோஷத்தில் நான் விளையாடப் போனேன்.