மால்மருகாவும் மறுகாவும்

எங்கள் ஊரில் ‘பிறகு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘மறுகா’ என்போம். மறுகா வாறன், மறுகா தின்னுவம், மறுகா பார்ப்பம். இந்த ஒரு சொல்லுக்காக நானும் மச்சாளும் முகம் பார்க்காமல் இருந்தோம் என்றால் இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். எனக்கு இன்னும் சிரிப்பு வருவதில்லை.

துறையடித் தேத்தண்ணிக் கடையில் ஒரு பாட்டுப்பெட்டி இருந்தது. பெண்கள் கடைக்குள் போவதில்லை. வாவிக்குக் குளிக்கப் போகிற சாட்டில் வேலியோரம் நின்று கேட்போம். இந்தியாவில் இருந்து வந்த ஒரு பாட்டுக்காரியின் இசைத்தட்டு என்றால் எங்களுக்குப் பித்து. அதில் ஓர் அடி என் காதில் ‘மாலை மறுகா வா’ என்று விழுந்தது. காதலனை இப்போது போகச் சொல்லி, பொழுதுபட்டு மறுகா வரச் சொல்கிறாள். இதில் என்ன சந்தேகம்?

மச்சாளுக்குச் சந்தேகமே இல்லை, எனக்கு நேர் எதிராக. மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா, பக்கத்து வளவு.

“அது மால்மருகா வா. திருமாலுக்கு மருமகன் ஆர்? முருகன். சாமிய வா எண்டு கூப்பிடுறாள் கா.”

“அடுத்த அடியில கிணத்தடி எண்டு வருதே. கிணத்தடியில நிண்டா சாமியக் கூப்பிடுறாள்?”

“கிணத்தடி இல்ல, குன்றடி! உன்ட காதில புளியக் கரைச்சு ஊத்த.”

கல்யாணமாகாத குமர்ப்பிள்ளைகள் என் பக்கம், கோயிலுக்குப் போகிறவர்கள் அவ பக்கம். கிணற்றடியிலும் நெல் குத்துகிற இடத்திலும் இதே தகராறுதான். விட்டுக்கொடுக்கிற சாதி இல்லை நான். அவ காதில் விழவேண்டும் என்றே வேலியோரம் நின்று ‘மறுகா வா’ என்று இழுத்து இழுத்துப் பாடுவேன்.

இரண்டாவது உலகச் சண்டைக் காலம். திருகோணமலைத் துறைமுகத்தில் கூலி நல்லது என்று என் கணவர் புறப்பட்டுப் போனார். படலையைத் திறந்து அவர் திரும்பிப் பார்த்தபோது நான் அந்த அடியைத்தான் பாடிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்துவிட்டுப் போனார்.

மறுகா திருகோணமலையில் குண்டு விழுந்தது. மூட்டை முடிச்சோடு சனங்கள் தெருவால் வந்தார்கள். கப்பல் எரிந்தது என்றார்கள், கரையெல்லாம் பிணம் என்றார்கள். வந்தவர்களில் அவர் இல்லை. அவரைக் கண்டதாகச் சொல்லவும் ஆள் இல்லை.

அன்றைக்கு மச்சாள் வேலியைப் பிரித்துக்கொண்டு வந்தா. கண் சிவந்திருந்தது.

“சாமிய வா எண்டு கூப்பிடுற பாட்ட, மறுகா வா எண்டு பாடி அனுப்பினியே. இப்ப ஆர் காக்கிற என்ட தம்பிய?”

விசர்க்கதை என்று ஏசித் துரத்தினேன். ஆனால் அவ போனதும் அவ சொன்னதுதான் காதில் நின்றது. விளக்கேற்றி ‘முருகா’ என்று வாயெடுத்தால் ‘மறுகா’ என்று வந்துவிடுமோ என்று பயம். அந்தப் பயத்தில் கும்பிடுவதையே விட்டேன். கும்பிடாமல் இருப்பதற்கும் பயந்தேன்.

கொஞ்ச நாள் போக மச்சாளே வந்தா.

“போய் அந்தத் தட்ட இன்னொருக்காக் கேப்பம் கா. நீ சொன்னதுதான் சரியா இருக்கட்டும். வெறும் காதல் பாட்டெண்டா ஆருக்கும் குற்றமில்ல.”

தோற்க வேண்டும் என்று அவ விரும்பினா. நானும் வெல்லத்தான் விரும்பினேன்.

கடலோரம்தான் அடுத்த குண்டு என்று பயந்து கடைக்காரர் குடும்பத்தோடும் பெட்டியோடும் வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடியிருந்தார். அக்கரைக் கோயிலுக்கு என்று வீட்டில் இருந்த என் அம்மாவிடம் பொய் சொல்லித் தோணி ஏறினோம். நடு வாவியில் இரைச்சல் கேட்டது. விமானம். ஒளிய ஒரு கன்னாப்பற்றை, ஒரு புதர்கூட இல்லாத வெட்டைத் தண்ணீர். தோணிக்காரர் தடியைப் போட்டுவிட்டுக் குப்புற விழுந்தார். நான் “மால்மருகா வா, மால்மருகா வா” என்று கத்தினேன். மச்சாளோ வானத்தைப் பார்த்துக் கையை வீசி வீசி, “மறுகா வா! மறுகா வா!” என்று அலறினா. அது எங்களுக்கு மேலாகப் போய் மறைந்தது. யாருடைய விமானமோ தெரியாது. இருவரும் கட்டிப்பிடித்தபடி கிடந்தோம்.

கடைக்காரர் எங்களை விநோதமாகப் பார்த்தார். ஆனாலும் பெட்டியை முடுக்கினார். ஊசி மழுங்கிப் பாட்டு கரகரத்தது. அந்த அடி வரும்போது இருவரும் குனிந்து காதைக் கொடுத்தோம்.

‘மால்மருகா வா.’ எனக்குத் தெளிவாகவே கேட்டது.

மச்சாள் என் கையை இறுக்கிப் பிடித்தா. “மறுகா எண்டுதானே சொல்லுறாள்? கேட்டதா உனக்கு?”

“ஓம் மச்சாள்,” என்றேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் அவ முகத்தில் தெளிவு. நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தேன். சாமிப் பாட்டைத்தான் மாற்றிப் பாடியிருக்கிறேன், என் கணவர் இனி வரமாட்டார் என்றே முடிவு செய்துவிட்டேன்.

துறையடிக்குக் கிட்ட வரும்போது மச்சாள் துள்ளி எழும்பினா, தோணி ஆடியது. கரையில் ஓர் ஆள், எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அந்த முதுகை எனக்குத் தெரியாதா?

“தம்பி! தம்பி!” என்று மச்சாள் கத்தினா. அவர் திரும்பவில்லை. நானும் கத்தினேன். தோணிக்காரரும் கூப்பிட்டுப் பார்த்தார். காற்று எங்கள் பக்கம் இருந்துதான் வீசியது, குரல் கட்டாயம் போயிருக்கும். அப்படியும் அவர் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். திடுக்கிட்டுத் திரும்பினார். காதோரம் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

“இஞ்சேருங்க,” என்றேன். “நான் கூப்பிட்டது கேக்கல்லையா?”

அவர் என் வாயையே பார்த்தார். மறுகா ஊருக்கே கேட்கிற சத்தத்தில், சிரித்துக்கொண்டு கேட்டார்:

“என்ன புள்ள, பாடுறியா?”