கழுவுவதற்கு முன், கழுவிய பின்

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகக் கொடைக்கானல் போகும்போது வத்தலக்குண்டில் பஸ் மாறினேன். பஸ் நிலையத்தை ஒட்டிய மெஸ் ஒன்றில் இரண்டு இட்லியைத் தின்றுவிட்டுக் கை கழுவப் போனால், குழாயடியில் நைலான் வலைப்பைக்குள் சிவப்புச் சோப்புத் துண்டு ஒன்று தொங்கியது. இப்போதெல்லாம் எங்கே போனாலும் அமுக்கினால் சொட்டும் சோப்புத் தண்ணீர்தானே, இது மட்டும் எப்படித் தப்பிப் பிழைத்ததோ. தேய்த்த கையை மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், சின்ன வயதில் எங்கள் காலனிக்கு வருஷா வருஷம் வந்த கேம்ப் மொத்தமும் கண்முன்னே வந்துவிட்டது. பின்னால் காத்திருந்தவர், "கொஞ்சம் வெரசாக் கழுவுங்கக்கா, பஸ்ஸு கெளம்பிரும்" என்ற பிறகுதான் நகர்ந்தேன்.

எங்கள் காலனி கொடைக்கானலிலிருந்து கூக்கால் போகும் ரோட்டில் ஒரு சரிவில் இருந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள். அங்கே கொழுந்து பறித்த அம்மா, இங்கே கேரட்டும் பூண்டும் பிடுங்கக் கூலிக்குப் போனாள். வரிசையாகக் கட்டிக் கொடுத்த அந்த வீடுகளை அவள் கடைசிவரை லயம் என்றுதான் சொன்னாள். சோப்பு அவளுக்குச் சவுக்காரம். நானும் பள்ளிக்கூடத்தில் ஒருமுறை வாய்தவறிச் சவுக்காரம் என்று சொல்லிவிட்டேன். அந்தச் சிரிப்பு அடங்க ரொம்ப நாள் ஆயிற்று.

கேம்ப் என்றால் வேறொன்றுமில்லை. கீழே ஏதோ ஒரு காலேஜிலிருந்து அண்ணன்களும் அக்காக்களும் ஒரு பஸ் நிறைய வந்து, பள்ளிக்கூடத்தில் தங்கி, ஒரு வாரம் எங்களுக்குச் சேவை செய்வார்கள். மலைப்பாதை வளைவுகளில் வயிற்றைப் புரட்டி, குரங்குக் குல்லாயும் கையில் எலுமிச்சம்பழமுமாகத் தள்ளாடி இறங்குவார்கள். எங்கள் பெண்கள்தான் அவர்களைப் பிடித்து உட்காரவைத்துச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பார்கள். ஆக, முதல் சேவை எங்களுடையது. பிறகு அவர்கள் பாட்டுப் பாடுவார்கள், குழாயடியில் கழிவுத் தண்ணீருக்குக் குழி வெட்டுவார்கள். அடுத்த வருஷம் வருகிறவர்கள் பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டுவார்கள். நாங்கள் எல்லாக் குழிக்கும் கை தட்டினோம். எனக்கு அவர்களை உயிராகப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த அக்காக்களின் பவுடர் வாசனைக்காகவே நாள் முழுக்கப் பின்னால் சுற்றுவேன்.

கடைசி நாள் சுத்தம் பற்றிய நிகழ்ச்சி நடக்கும். பிள்ளைகளில் ஒன்றை முன்னால் கூப்பிட்டு, ஊரே பார்க்கக் கை முகம் கழுவித் தலை வாரிவிடுவார்கள். கழுவுவதற்கு முன் ஒரு போட்டோ, கழுவிய பின் ஒரு போட்டோ. காலேஜில் காட்ட இரண்டும் வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, அந்தக் கடைசி நாளில் அம்மா கூலிக்குப் போகவில்லை. வெள்ளனே எழுந்து வெந்நீர் போட்டு என்னைக் குளிப்பாட்டினாள். தலைக்கு எண்ணெய் வைத்து, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி, தகரப்பெட்டிக்குள் இருந்த ஒரே நல்ல கவுனை மாட்டிவிட்டாள். "நாலு பேரு பாக்குற எடத்துல எம்புள்ள சுத்தமா நிக்கணும்" என்றாள். நான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன். அதனாலேயே என்னைக் கூப்பிட்டார்கள்.

கேமரா வைத்திருந்த அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்தப் பிள்ளை ஏற்கெனவே சுத்தமாக இருக்கிறதே, முன்னுக்கும் பின்னுக்கும் என்ன வித்தியாசம் தெரியும் என்றார். நியாயமான கேள்விதான். என்னைக் கழுவிவிட வந்த அக்கா கொஞ்சம் யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே என் ரிப்பன்களை உருவி, சடையை அவிழ்த்துக் கலைத்து, குழாயடிச் சேற்றைத் தொட்டு என் இரண்டு கன்னத்திலும் இழுவினாள். பள்ளிக்கூட நாடகத்துக்கு வேஷம் போடுகிற மாதிரி எனக்கு ஒரே குஷி. பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

குழாய்க்கு அந்தப் பக்கம் மற்றப் பெண்களோடு அம்மா நின்றாள். என்னைக் கழுவி, கோணலாக ஒரு சடை போட்டு, கையில் ஒரு சிவப்புச் சோப்பைக் கொடுத்தார்கள். எல்லோரும் கை தட்டினார்கள், அம்மாவும் தட்டினாள். வீட்டுக்கு வந்து அந்தச் சடையை அவிழ்த்து மறுபடி பின்னிவிட்டாள்.

அடுத்த வருஷம் அதே நாளில் வெந்நீர் இல்லை. நானாக எண்ணெய்ப் புட்டியையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு போய் அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"சடையெல்லாம் வேணாம், இப்பிடியே போ. அவுங்களுக்குச் சோலி கொறையும்" என்றாள்.

அந்த வருஷமும் சோப்பு எங்களுக்குத்தான். பிறகு மற்ற வீடுகளும் இதைக் கற்றுக்கொண்டன. கேம்ப் வரும் வாரத்தில் எங்கள் காலனியில் பிள்ளைகள் யாருக்கும் கை கழுவத் தெரியாது.

வளர்ந்து கீழே காலேஜுக்குப் போனேன், ஹாஸ்டல். ஊர் எது என்று கேட்டால் கொடைக்கானல் என்பேன். கீழே இருப்பவர்களுக்கு அது ஏரியும் போட் சவாரியும்தான். ஜாலியான ஊருடி என்பார்கள், ஆமாம் என்பேன். போட்டை நான் ரோட்டிலிருந்து பார்த்ததோடு சரி. கேம்புக்கு யார் வருகிறீர்கள் என்று கேட்டபோது முதல் ஆளாகக் கை தூக்கினேன். கொடுக்கும் பக்கம் போய் நின்றுவிட்டால் வாங்கிய பக்கம் மறந்துபோகும் என்று நினைத்திருப்பேன் போலிருக்கிறது.

ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டக் கூலிக்காரர்களின் காலனி ஒன்றில் தங்கினோம். பாட்டுப் பாடினோம், குழி வெட்டினோம். கடைசி நாள் வந்தது. எனக்குப் பிள்ளைகளோடு நன்றாகப் பழக வருகிறது என்று பிள்ளை பிடிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். முதல் வரிசையில் தலைவிரி கோலமாக ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். அவளைக் கைப்பிடித்துக் கூட்டி வரும்போதுதான் கவனித்தேன், முடி முழுக்க நெளி நெளியாக இருந்தது. பின்னி அவிழ்த்த முடியில்தான் அந்த நெளி இருக்கும். எங்கள் கூட்டத்தில் அது வேறு யாருக்கும் தெரிந்திருக்காது.

குழாயடியில் அவள் என் காதருகே எக்கிக் கேட்டாள்.

"அக்கா, மொதல்ல தப்பா கழுவணுமா, சரியாவே கழுவவா?"

கேமராக்காரன் வெயில் போகிறது, சீக்கிரம் என்றான். சரியாகவே கழுவு என்று நான் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன கெட்டுப்போயிருக்கும், ஒரு போட்டோ. ஆனால் இவர்கள் நடிப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

"மொதல்ல தப்பா" என்றேன்.

பிரமாதமாகச் செய்தாள். விரல் நுனியை மட்டும் நனைத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவள்போல் விழித்தாள். பாவம் என்று என் தோழிகள் உச்சுக்கொட்டினார்கள். நான் சோப்புப் போட்டு அவள் கையைக் கழுவினேன், தலையை வாரிப் பின்னிவிட்டேன்.

அந்த விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது, பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அம்மா கேம்பைப் பற்றி விசாரித்தாள். குளிர் எப்படி, சாப்பாடு எப்படி, பிள்ளைகளெல்லாம் எப்படி என்று.

"ரொம்ப அழுக்கும்மா. நாங்கதான் கழுவிவிட்டோம்" என்றேன்.

யாரிடம் போய் அதைச் சொன்னேன் பாருங்கள். அம்மா நறுக்கிய பீன்ஸைச் சட்டியில் அள்ளிப் போட்டாள்.

"கழுவையில அந்தப் புள்ளையோட அம்மா எங்க நின்னுச்சு?"

"நான் கவனிக்கலம்மா."

அதற்குப் பிறகு அவள் கேம்ப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் அந்தக் கல்யாணம் முடிந்து கூக்கால் ரோட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வந்தேன். லயம் இருந்த சரிவில் கண்ணாடிச் சுவர் வைத்த காட்டேஜ்கள். வருஷா வருஷம் வெட்டிய குழிகளின்மேல் சிமெண்ட் போட்டுக் கார் நிறுத்துகிறார்கள். எங்கள் சனங்கள் திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போய்விட்டார்கள். கேம்பும் இப்போது அந்தப் பக்கம் வருவதில்லையாம். அம்மா தவறிப்போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன.

நான் கவனித்திருந்தேன். அந்தச் சிறுமியின் அம்மா காப்பி உலர்த்தும் களத்தின் ஓரத்தில் கையில் சீப்போடு நின்றாள். அவள் பிள்ளைக்கு நான் தலை பின்னி முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதைச் சொல்ல இப்போது அம்மா இல்லை.