கிளட்ச் இல்லாத காரும் வண்டியூர் ஆத்தாளும்

வண்டியூர் ஆத்தா கோயில் வாசலில் கூடியிருக்கும் அக்காமார்களே, அண்ணன்மார்களே! எனக்கு மேடையில் பேசி வழக்கமில்லை. ஆனால் ஏசச் சொன்னால் சிம்மக்கல் கார் ஸ்டாண்டில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. ஆத்தாளையே ஏசியவன் நான். அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

எனக்கும் என் மனைவி பேச்சியம்மாளுக்கும் இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. இரண்டாவதைப் புதைத்துவிட்டு நேராக இந்த வாசலுக்குத்தான் வந்தேன். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? இனி உன் வாசல மிதிச்சா என்னைச் செருப்பால அடி" என்று கத்தினேன். சொன்னபடி மிதிக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் பேச்சி மட்டும் உள்ளே போவாள். நான் தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்து பீடி குடிப்பேன்.

அது பெட்ரோல் விலை ஏறிக்கிடந்த எழுபதுகளின் நடுப்பகுதி. நான் ஒரு மில் முதலாளியிடம் டிரைவராக இருந்தேன். சொந்த நாட்டுக்குத் திரும்பக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து அவர் ஒரு அமெரிக்கக் காரை வாங்கினார். அதில் கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். முதல் நாளே முதலாளி, "மலை இறக்கத்துல எல்-னு எழுதியிருக்கிற மெதுவான கியர்ல போடுப்பா. நியூட்ரல்ல விட்றாத" என்று சொன்னார். தலையை ஆட்டிவிட்டு மனசுக்குள் சிரித்தேன். ஏனென்றால் மலையிலிருந்து என்ஜினை அணைத்துவிட்டு, கியரே இல்லாமல் நியூட்ரலிலேயே வண்டியை உருட்டி இறக்குவதில் நான் பேர் வாங்கியவன். மறுபடி என்ஜின் வேண்டுமென்றால் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் போதும், உறுமிக்கொண்டு எழுந்துவிடும். எந்தக் காருக்கும் இதுதான் என்று நினைத்திருந்தேன்.

வைகாசி மாதம். முதலாளி குடும்பம் கொடைக்கானல் பங்களாவில் இருந்தது. பேச்சி அங்கே சமையலுக்கு இருந்தாள், எட்டரை மாதக் கர்ப்பிணி. ஒரு வெள்ளிக்கிழமை விடிகாலையில் அவளுக்கு வலி வந்துவிட்டது. பார்த்த நர்சம்மா, "பிள்ளை குறுக்கே கிடக்கு. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க" என்றார். முதலாளி யோசிக்கவே இல்லை. "காரை எடுத்துட்டுப் போடா" என்று சாவியைக் கையில் வைத்தார்.

பெட்ரோல் அளவு காட்டும் முள் அடியில் கிடந்தது. பெட்ரோல் பங்கில் ஸ்டாக் இல்லை. இறக்கம் முழுக்க என்ஜின் இல்லாமல் போனால் வத்தலக்குண்டு பங்க் வரை தாங்கும் என்று கணக்குப் போட்டேன்.

ஊர் எல்லையில் பேச்சிக்கு வெந்நீர் வாங்க ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். உருளைக்கிழங்கு மூட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றது. அதன் டிரைவர் இப்ராகிம் பாய் டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்சீட்டில் பேச்சி முனகுவதைப் பார்த்துவிட்டு, "மாப்ள, பிள்ளைத்தாச்சிய வச்சிருக்க. கியர்லயே எறங்கு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "பாய், இது உங்க லொடக்கு லாரி இல்ல, பிளசர் காரு. நீங்க செகண்ட் கியர்ல உருட்டிக்கிட்டே வாங்க. நான் வத்தலக்குண்டுல சாப்பிட்டு ஏப்பம் விட்டிருப்பேன்."

அவர் கோபப்படவில்லை. "நல்லபடியா போய்ச் சேரு" என்று சொல்லி எனக்கு முன்னால் கிளம்பிவிட்டார்.

நானும் கிளம்பினேன். இறக்கம் தொடங்கியதும் நியூட்ரலில் போட்டு என்ஜினை அணைத்தேன். கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. நாலு வளைவு வரை ராஜாதான். ஐந்தாவது வளைவில் பிரேக்கை மிதித்தேன், கல்லை மிதித்தது போல இருந்தது. ஸ்டியரிங்கும் இறுகிவிட்டது. அந்தக் காரில் இரண்டுக்கும் என்ஜின்தான் பலம் கொடுக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

பதறவில்லை. கியரில் போட்டால் என்ஜின் பிடித்துக்கொள்ளும் என்று பழக்கதோஷத்தில் கியர் கம்பியை இழுத்து ஓடுகிற கியரில் போட்டேன். கிளட்ச் இல்லாத வண்டியில் அந்த வித்தை பலிக்கவில்லை. சாவியைத் திருப்பினேன். முக்கல் முனகல்கூட இல்லை. அந்தக் கார் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். கம்பியைத் தொடாமல் சாவியைத் திருப்பியிருந்தால் போதும். முப்பது தடவை ஓட்டிய வண்டி, அந்த நிமிஷத்தில் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். புகை நாற்றம் வந்ததே தவிர வேகம் குறையவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பாதாளம்.

பேச்சிக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, ஆத்தாளக் கூப்பிடுங்க!" என்று அலறினாள்.

எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கூப்பிடுவது? ஆனாலும் கூப்பிட்டேன். தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "ஆத்தா! ஏசுனது நானு. என்னை எடுத்துக்க. அவளையும் பிள்ளையையும் விட்ரு தாயி!" அழுதுகொண்டே ஹாரனை அழுத்தினேன், கையை எடுக்கவே இல்லை.

அடுத்த வளைவு திரும்பியதும் முன்னால் அந்தக் கிழங்கு லாரி! செகண்ட் கியரில், உருட்டிக்கொண்டு.

பாய் முதலில் முந்திப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் முந்தவில்லை, ஹாரனும் நிற்கவில்லை. கண்ணாடியில் பார்த்தவர் என்ன புரிந்துகொண்டாரோ, அல்லது யார் புரியவைத்தாளோ! கையை உள்ளே இழுத்துக்கொண்டு லாரியைக் கொஞ்சம் வேகமாக விட்டார், ஓடுகிற ஆளுக்குக் கூட ஓடிக் கைகொடுப்பது போல. என் பம்பர் லாரியின் பின்கட்டையில் டங்கென்று முட்டியது. இன்னொரு முட்டு. மூன்றாவது முட்டில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் அவர் மெல்ல மெல்லப் பிரேக் பிடித்தார். அம்புட்டு மூட்டையையும் என் காரையும் சேர்த்துத் தாங்கி, ஒரு வளைவுக்குப் பத்தடி முன்னால் நிறுத்தினார்.

நான் இறங்கிப் போய் அவர் காலில் விழுந்தேன். அவர் தூக்கி நிறுத்தி, "அல்லா காப்பாத்துனான் மாப்ள" என்றார். "இல்ல பாய், எங்க ஆத்தா காப்பாத்துனா" என்றேன் நான். அந்த நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை, பாருங்கள். பின்சீட்டிலிருந்து பேச்சி கத்தினாள்: "ரெண்டு பேருக்கும் சேத்துக் கும்பிடு போட்டுட்டு வண்டிய எடுங்க, வலி உசுரு போகுது!"

பாய்தான் என் கையைப் பிடித்து உட்காரவைத்து, "நிதானமா யோசி" என்றார். அப்போதுதான் புத்தி வந்தது. நியூட்ரலில் வைத்துச் சாவியைத் திருப்பினேன். பூப்போல ஸ்டார்ட் ஆனது. முதலாளி சொன்ன எல்-லில் போட்டேன். லாரிக்குப் பின்னாலேயே நடைவேகத்தில் இறங்கினேன். வத்தலக்குண்டில் பெட்ரோல் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பறந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பேச்சியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் எரிந்து விழுந்தார். "குறுக்கே கிடக்குன்னு யாருய்யா சொன்னது? தலை நேரா எறங்கி நிக்குது!" எத்தனையோ காரணம் சொல்வார்கள், சொல்லட்டும். அந்த மூன்று முட்டில் ஆத்தா தன் கையால் பிள்ளையைத் திருப்பி வைத்தாள் என்றுதான் நான் சொல்வேன். சாகும்வரை சொல்வேன்.

அன்றைக்கு விட்டதுதான் பீடியும் வீறாப்பும். அதற்குப் பிறகு ஒரு சிறு பாலத்து இறக்கத்தில்கூட நான் நியூட்ரலில் விட்டதில்லை. முதலாளியிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் நசுங்கிய பம்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "போய் ஆத்தாளுக்கு மாவிளக்கு போடு" என்றார். ஏசிவிட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் இந்தப் படியை மிதித்தேன். அவள் என்னைச் செருப்பால் அடிக்கவில்லை.

கோபித்துக்கொண்டு தெப்பக்குளத்துச் சுவரில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்கள் இங்கே இருப்பீர்கள். உள்ளே வாருங்கள். ஏசியிருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள். நீங்கள் கூப்பிடும் முன்பே அவள் உங்களுக்கு முன்னால் ஒரு லாரியைக் கிளப்பி விட்டிருப்பாள்.

நம்ப முடியவில்லையா? அதோ, கொடிமரத்துப் பக்கம் மூங்கில் கூடையோடு நிற்கிறாரே, அவர்தான் இப்ராகிம் பாய். வருஷம் தவறாமல் பங்குனித் திருவிழாவுக்கு மலைப்பழம் கொண்டுவருவார். அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, தலையில் பால்குடத்தோடு, மஞ்சள் பாவாடையில் நிற்கிறாளே ஒருத்தி. அவள்தான் எங்கள் மாரியம்மாள். நாலாம் வகுப்பு படிக்கிறாள்.